பல்கலைக்கழகப் பயிற்சிப் படை முதல் என்.சி.சி. வரை: கல்லூரி வழியாக ராணுவ அதிகாரி ஆவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ராணுவப் பயிற்சி எப்போது தொடங்கியது?

1917-ல். முதல் உலகப் போர் நான்காவது ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ராணுவத்தில் ஆள் பற்றாக்குறை. அப்போது கொண்டுவரப்பட்ட இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டத்தின் கீழ் கல்லூரி மாணவர்களைக் கொண்ட பல்கலைக்கழகப் படை உருவானது. இந்தியாவில் இருந்த ஐரோப்பியர்களுக்கு அந்தச் சட்டப்படி சேவை கட்டாயம். இந்திய மாணவர்கள் விரும்பினால் சேரலாம். கல்கத்தாப் பல்கலைக்கழகப் பிரிவில் சேர்ந்து பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். அப்போது அவர் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர்.

இதற்கு முன்மாதிரி எது?

பிரிட்டன். அங்கே போர் அமைச்சராக இருந்த ஹால்டேன் 1908-ல் அதிகாரிகள் பயிற்சிப் படையை அமைத்தார். பல்கலைக்கழகங்களுக்கு சீனியர் டிவிஷன், பள்ளிகளுக்கு ஜூனியர் டிவிஷன். தேர்வு எழுதித் தேறினால் ஏ சான்றிதழ், பி சான்றிதழ். இன்று நம் கல்லூரிகளில் புழங்கும் சீனியர் டிவிஷன், ஜூனியர் டிவிஷன், ஏ, பி, சி சான்றிதழ் ஆகிய பெயர்கள் எல்லாம் அந்த அச்சில் வந்தவைதான்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் பயன் ஒன்றாக இல்லை. பிரிட்டனில் அந்தச் சான்றிதழ் வைத்திருந்த மாணவர், போர் வந்ததும் அதிகாரியாகப் போக முடிந்தது. இந்திய மாணவருக்கு அந்த வழி திறக்கவில்லை. கல்லூரியில் பயிற்சி உண்டு, ஆனால் அதிகாரிப் பதவிக்கு அது நேர்ப்பாதை அல்ல என்ற நிலை 1917-லேயே தொடங்கிவிட்டது. இன்றைய விதிகள் பலவற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் போதும்.

யு.டி.சி. என்று பழைய கல்லூரி மலர்களில் வருகிறதே, அது என்ன?

1920-ல் இந்தியப் பிராந்தியப் படைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழகப் படையின் இடத்தில் பல்கலைக்கழகப் பயிற்சிப் படை, அதாவது யு.டி.சி., அமைந்தது. அதே ஆண்டில் ஐரோப்பியர்களுக்காகத் துணைப்படைச் சட்டம் என்று இன்னொன்றும் இயற்றப்பட்டது. ஐரோப்பியருக்கு ஒரு படை, இந்தியருக்கு ஒரு படை என்ற பிரிவினை சட்டத்திலேயே இருந்தது.

யு.டி.சி.யில் மாணவர்கள் சிப்பாய்களாகச் சேர்ந்தார்கள். அதிகாரிகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரிப் பேராசிரியர்கள். வகுப்பு முடிந்த பிறகு அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, ஆண்டுக்கு ஒரு முகாம் என்று போகும். பிராந்தியப் படையின் மற்றப் பட்டாலியன்களில் இருந்தவர்களைப் போல இவர்களைப் போர்ப் பணிக்கு அழைக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிலும் இந்தப் படை இருந்தது.

அந்த மாணவர்கள் ஏன் அதிகாரிகள் ஆகவில்லை?

அவர்கள் போய்ச் சேர இடமே இல்லை. 1918-ல்தான் இந்தியர்களுக்கு இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இடம் ஒதுக்கினார்கள், அதுவும் ஆண்டுக்குப் பத்து. டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி திறக்கப்பட்டது 1932-ல். முதல் அணியில் 40 பேர். நாடு முழுவதும் யு.டி.சி.யில் பயின்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தபோது, வாசல் இந்த அளவுக்குக் குறுகலாக இருந்தது.

மாணவர்களிடம் திறமை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்லும் பழைய குறிப்புகளை அப்படியே ஏற்கக் கூடாது. ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு இந்தியர் ஒருவர் மேலதிகாரியாக வருவதை அன்றைய அரசு விரும்பவில்லை. பயிற்சியைக் கொடுத்துவிட்டுப் பதவியைக் கொடுக்காமல் இருந்தது தெரிந்தே எடுத்த முடிவு.

1942-ல் பெயர் மாறியது ஏன்?

இரண்டாம் உலகப் போர் வந்ததும் நிலைமை தலைகீழானது. அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். 1942-ல் யு.டி.சி.யின் பெயரை யு.ஓ.டி.சி., அதாவது பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை, என்று மாற்றினார்கள். ஆனால் கால் நூற்றாண்டாகச் சிப்பாய்ப் பயிற்சி மட்டும் கொடுத்து வந்த அமைப்பு, பெயர் மாறிய கையோடு அதிகாரிகளை உருவாக்கிவிடாது. போருக்குத் தேவையான அளவில் அதிகாரிகளை அது தரவில்லை. அந்த ஏமாற்றம்தான் அடுத்த மாற்றத்துக்கு வழிவிட்டது.

என்.சி.சி. எப்படி உருவானது?

1946 செப்டம்பரில் பண்டிட் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பள்ளி, கல்லூரி இரண்டையும் சேர்த்து நாடு முழுமைக்கும் ஒரு மாணவர் படையை எப்படி அமைப்பது என்று ஆராய்வது அதன் வேலை. 1947 மார்ச்சில் அறிக்கை வந்தது. தேசிய மாணவர் படைச் சட்டத்துக்கு 1948 ஏப்ரல் 16 அன்று கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு ஜூலை 15 அன்று படை தொடங்கியது. முதல் இயக்குநர் கர்னல் கோபால் குருநாத் பேவூர். பின்னாளில் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர் இவர்தான்.

தொடக்கத்தில் சுமார் 20,000 மாணவர்கள். 1949-ல் பெண்கள் பிரிவு, 1950-ல் விமானப் பிரிவு, 1952-ல் கடற்படைப் பிரிவு சேர்ந்தன.

சட்டத்தில் முக்கியமான ஒரு விதி உண்டு. என்.சி.சி.யில் உறுப்பினராக இருப்பதாலேயே ஒருவரைப் போர்ப் பணிக்கு அழைக்க முடியாது. பிள்ளையைச் சேர்த்தால் ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று தயங்கும் பெற்றோருக்கு இந்த விதியே பதில்.

சீனப் போருக்குப் பிறகு என்.சி.சி. கட்டாயமாக இருந்ததாமே?

ஆமாம். 1962 போருக்குப் பின், 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம் ஆக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1960-ல், கூடுதல் மாணவர்களைச் சேர்ப்பதற்காக என்.சி.சி. ரைபிள்ஸ் என்று தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். 1964-ல் அது என்.சி.சி.யோடு இணைந்தது.

கட்டாயம் நெடுநாள் நீடிக்கவில்லை. விரும்பாதவர்களையும் மைதானத்தில் நிறுத்தினால் கூட்டம் பெருகும், பயிற்சி நீர்த்துப்போகும். துப்பாக்கியும் பயிற்றுநரும் அந்த வேகத்தில் பெருகுவதில்லை. 1968-ல் மறுபடியும் விருப்பப் பயிற்சி ஆனது. அடுத்த ஆண்டு, 1969-ல், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ராணுவப் பயிற்சியில் நாட்டமில்லாத மாணவர்களுக்கு அது மாற்று வழியானது.

தமிழ்நாட்டில் இன்னொரு பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968 ஜனவரியில் சட்டமன்றம் மும்மொழித் திட்டத்தைக் கைவிடும் தீர்மானத்தை நிறைவேற்றியது. என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் அதே தீர்மானத்தில் இருந்தது. இந்தி எதிர்ப்பு மாணவர் போராட்டத்தின் சூடு ஆறாத காலம் அது. ஆனாலும் இன்று சென்னை, மதுரை மைதானங்களில் ‘சாவ்தான்’ (நேராக நில்), ‘விஷ்ராம்’ (தளர்ந்து நில்) என்று இந்தியிலேயே கட்டளை ஒலிக்கிறது. சேரும்போதே அந்தச் சொற்களைப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

பரங்கிமலை அகாடமிக்கும் இந்த வரலாற்றுக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. 1962 போரில் அதிகாரிகளின் பற்றாக்குறை வெளிப்பட்டதும், அவசரக்கால நியமனத்துக்காகப் பட்டதாரிகளைச் சேர்த்தார்கள். அவர்களுக்காகப் புனேயிலும் சென்னைப் பரங்கிமலையிலும் இரண்டு அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. சென்னைப் பள்ளி தொடங்கிய நாள் 1963 ஜனவரி 15. புனேப் பள்ளி விரைவிலேயே மூடப்பட்டது, சென்னைப் பள்ளி நிலைத்தது. 1965 முதல் குறுகியகாலச் சேவை அதிகாரிகளுக்கான பயிற்சி இங்கே நடக்கிறது. வெள்ளி விழாவை ஒட்டி, 1988 ஜனவரி 1 முதல் அதிகாரிகள் பயிற்சி அகாடமி, சுருக்கமாக ஓ.டி.ஏ., என்று பெயர் பெற்றது. 1992-ல் பெண்களும் பயிற்சிக்கு வந்தார்கள்.

இங்கே பயிற்சியை முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு மேலாண்மை மற்றும் உத்திசார் ஆய்வுகளில் முதுநிலைப் பட்டயம் வழங்குகிறது. 1917-ல் பல்கலைக்கழகம் சிப்பாய்ப் பயிற்சியோடு நின்றது. இன்று அதிகாரிப் பயிற்சிக்கே பட்டயம் தருகிறது.

அமெரிக்காவின் ஆர்.ஓ.டி.சி.யும் நம் என்.சி.சி.யும் ஒன்றா?

இல்லை, இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அமெரிக்காவில் 1862-ன் மோரில் சட்டம் நிலக்கொடை பெற்ற கல்லூரிகளில் போர்ப்பயிற்சியும் கற்பிக்கப்பட வேண்டும் என்றது. 1916-ன் தேசியப் பாதுகாப்புச் சட்டம் அதை ஆர்.ஓ.டி.சி., அதாவது ரிசர்வ் அதிகாரிகள் பயிற்சிப் படை, என்ற முறையான அமைப்பாக்கியது. அங்கே மேல்நிலைப் பயிற்சிக்குப் போகும் மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். பலருக்குப் படிப்புக் கட்டணமே உதவித்தொகையாகக் கிடைக்கிறது. கோடைக்காலப் பயிற்சியையும் முடித்துத் தேறினால், பட்டம் பெறும் நாளையொட்டியே லெப்டினன்ட் ஆகிவிடுவார். அதன்பின் குறிப்பிட்ட ஆண்டுகள் சேவை செய்தாக வேண்டும்.

இங்கே ஒப்பந்தம் இல்லை, கடமை இல்லை, அதனால் பதவி உத்தரவாதமும் இல்லை. மூன்று ஆண்டு என்.சி.சி.யில் இருந்து முதல் தர சி சான்றிதழ் பெற்றவரும் சாதாரணக் குடிமகன்தான். தேர்வு வாரியத்தைத் தாண்டி, அகாடமியில் ஓராண்டுப் பயிற்சியையும் முடித்த பிறகே அதிகாரி.

சி சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் போகலாம் என்கிறார்களே?

தரைப்படையைப் பொறுத்தவரை உண்மை. என்.சி.சி. சிறப்பு நுழைவு என்ற வழியில் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ்., அதாவது ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் தேர்வு, தேவையில்லை. விண்ணப்பம் சுருக்கப்பட்டியலில் வந்தால் நேரே எஸ்.எஸ்.பி., அதாவது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் தொடங்கும் பயிற்சிக்காக அறிவிப்பு வரும். ஆண், பெண் இருவருக்கும் இடம் உண்டு.

அடிப்படைத் தகுதிகள்: வயது 19 முதல் 25 வரை, திருமணம் ஆகாதவர், பட்டப்படிப்பில் மொத்தம் 50 சதவீதம், சீனியர் டிவிஷன் (ஆண்கள்) அல்லது சீனியர் விங்கில் (பெண்கள்) படிப்புக்கேற்ப இரண்டு அல்லது மூன்று கல்வியாண்டுகள், சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடு. போரில் உயிரிழந்த, ஊனமுற்ற அல்லது காணாமற்போன ராணுவத்தினரின் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் தனியே உண்டு, அவர்களிடம் சி சான்றிதழ் கேட்பதில்லை.

இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். அதுவரையிலான ஆண்டுகளில் 50 சதவீதம் இருக்க வேண்டும், பட்டம் கையில் வரும்போதும் அது குறையக் கூடாது. குறைந்தால் எஸ்.எஸ்.பி.யில் தேர்வாகியிருந்தாலும் வாய்ப்பு போய்விடும். இன்னொன்று, 50 சதவீதம் என்பது விண்ணப்பிக்க மட்டுமே. விண்ணப்பங்கள் அதிகமாக வந்தால் பட்ட மதிப்பெண்ணை வைத்துத்தான் வடிகட்டுவார்கள். முகாம் முகாமாகப் போய்ப் பதக்கங்களைக் குவித்துவிட்டு 52 சதவீதத்தோடு நிற்கும் மாணவருக்கு அழைப்புக் கடிதமே வராமல் போகலாம். மைதானத்தில் காட்டும் அக்கறையைப் பாடத்திலும் காட்டச் சொல்லி ஒவ்வொரு என்.சி.சி. ஆசிரியரும் முதல் நாளே வலியுறுத்த வேண்டும்.

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து என்னென்ன செய்ய வேண்டும்?

முதலாண்டு சேர்க்கையின்போதே கல்லூரியின் ஏ.என்.ஓ.வைப் பாருங்கள். ஏ.என்.ஓ. என்பவர் என்.சி.சி. பொறுப்பில் உள்ள பேராசிரியர். ஆண்களானால் நாக்பூர் அருகே காம்ப்டியிலும், பெண்களானால் குவாலியரிலும் பயிற்சி பெற்று வந்தவர். பட்டாலியனிலிருந்து வரும் ராணுவப் பயிற்றுநர்களை ‘பி.ஐ. ஸ்டாஃப்’ என்பார்கள். இவர்கள் முன்னிலையில் உயரம், ஓட்டம், உடல்தகுதி பார்த்து ஆள் எடுப்பார்கள். எல்லாக் கல்லூரியிலும் இடம் குறைவு. முதலாண்டில் தவறவிட்டு இரண்டாமாண்டில் சேர்ந்தால், மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குள் சி சான்றிதழ் எட்டாது.

சீனியர் டிவிஷனில் இரண்டு ஆண்டுப் பயிற்சி முடிந்து பி சான்றிதழ், மூன்றாம் ஆண்டில் சி சான்றிதழ். பயிற்சி வகுப்புகளில் 75 சதவீத வருகை வேண்டும். தேர்வுக்கு முன் உரிய முகாம்களையும் முடித்திருக்க வேண்டும். பத்து நாள் நடக்கும் ஆண்டுப் பயிற்சி முகாம் பருவத் தேர்வோடு மோதும்போதுதான் சிக்கல் வரும். முகாமைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய் மூன்றாமாண்டில் அகப்பட்டுக்கொள்பவர்கள் அதிகம். முதல் முகாமை இரண்டாமாண்டு முடிவதற்குள் போய் வந்துவிட வேண்டும்.

சி தேர்வில் எழுத்துத் தாளோடு அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி ஆகிய செய்முறைகளும் உண்டு. அணிவகுப்பில் பலர் மதிப்பெண் இழப்பது நடையில் அல்ல, கட்டளை கொடுப்பதில். தானாக நன்றாக நடக்கும் மாணவரிடம் ஒரு ஸ்குவாடைக் கொடுத்தால், எந்தக் கால் தரையில் படும்போது கட்டளை விழ வேண்டும் என்பதில் தடுமாறுவார். தனியே பழகினால் இது வராது. நண்பர்கள் நால்வரை நடக்கவிட்டுக் குரல் கொடுத்துப் பழக வேண்டும்.

துப்பாக்கிச் சுடுதலில் கையாள்வது பாயின்ட் 22 ரைபிள், தூரம் 25 கஜம். குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறினால் மூச்சை அடக்காமல் சுட்டிருக்கிறீர்கள். பக்கவாட்டில் சிதறினால் ட்ரிகரை வெடுக்கென்று இழுத்திருக்கிறீர்கள். இலக்கின் நடுவில் பட வேண்டும் என்ற அவசரத்தை விட்டு, குண்டுகள் அனைத்தும் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுவதை முதலில் பாருங்கள். நெருக்கம் வந்துவிட்டால் நடுவுக்குக் கொண்டுவருவது எளிது.

விண்ணப்பத்தில் என்னென்ன தவறுகள் நடக்கின்றன?

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு முதல் தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘முருகன் ச’ என்று இருக்கும், ஆதாரில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும், சி சான்றிதழில் இனிஷியல் முன்னால் வந்திருக்கும். ஆவணச் சரிபார்ப்பில் மூன்றும் மூன்று ஆட்களைப் போலத் தெரியும். என்.சி.சி. சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் நாளிலேயே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவற்றுக்கும் இதே விதி. சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்தம் கேட்டால் பட்டாலியன், குரூப் தலைமையகம், இயக்குநரகம் என்று கோப்பு நகர வேண்டும். அதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்துவிடும்.

இரண்டாவது, சான்றிதழ் கையில் வருவதற்கு முன்பே விண்ணப்பிப்பது. சி தேர்வு எழுதிவிட்டேன், முடிவு வரவில்லை என்பது செல்லாது. விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் இருந்தாக வேண்டும். அதனால் மூன்றாண்டுப் பட்டம் படிப்பவர் பெரும்பாலும் பட்டம் முடித்த பிறகே விண்ணப்பிக்கும் நிலை வரும். நான்காண்டுப் பொறியியல் மாணவருக்கு இறுதியாண்டிலேயே அந்த வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, மதிப்பெண்ணைக் கணக்கிடுவது. சி.ஜி.பி.ஏ.வைத் தோராயமாகப் பத்தால் பெருக்கிப் போடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சூத்திரம் வேறு. மாற்று விதியைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகமோ கல்லூரியோ தரும் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தில் போட்ட சதவீதமும் கடிதத்தில் உள்ளதும் வேறாக இருந்தால், வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் திருப்பி அனுப்பப்படலாம்.

விண்ணப்பிப்பது இணையத்தில்தான், ராணுவ ஆள்சேர்ப்புத் தளம் வழியாக. இதற்காகக் கட்டணம் கேட்கும் இடைத்தரகர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

எஸ்.எஸ்.பி.யில் என்ன நடக்கும்?

ஐந்து நாள். பிரயாக்ராஜ், போபால், பெங்களூரு, ஜலந்தர் ஆகிய ஊர்களில் தரைப்படையின் வாரியங்கள் உள்ளன. முதல் நாள் வடிகட்டல். அறிவுக்கூர்மைத் தேர்வு ஒன்று, மங்கலான படம் ஒன்றை 30 வினாடி பார்த்துக் கதை எழுதிக் குழுவில் விவாதிப்பது ஒன்று. வந்தவர்களில் பெரும்பகுதியினர் அன்று மாலையே ஊர் திரும்புவார்கள்.

தங்கியவர்களுக்கு உளவியல் தேர்வுகள். ஒன்று வெற்றுத் தாள் உட்பட 12 படங்களுக்குக் கதை, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். 60 சொற்கள், சொல்லுக்கு 15 வினாடி. 60 சூழ்நிலைகள், மொத்தம் 30 நிமிடம். அதன்பின் களத்தில் குழுப்பணிகள், தனி ஆளாகத் தடை தாண்டல், ஒரு நேர்முகம். கடைசி நாள் அதிகாரிகள் எல்லோரும் கூடிய மாநாடு.

என்.சி.சி. மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கதைகள் எல்லாவற்றிலும் நாயகன் ராணுவ வீரன், சொற்கள் எல்லாவற்றுக்கும் தேசபக்தி வாசகம் என்று மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். மதிப்பிடும் உளவியலாளர் நாள்தோறும் அத்தகைய நூறு தாள்களைப் பார்ப்பவர். கல்லூரி விடுதியில் தண்ணீர் வராத அன்று நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதே அவருக்கு வேண்டும். குழுப்பணியிலும் அப்படித்தான். என்.சி.சி.யில் மாணவர் தலைவராக, அதாவது அண்டர் ஆஃபீசராக, இருந்து அதட்டிப் பழகியவர் அங்கேயும் அதட்டினால் குழு ஒத்துழைக்காது. கயிற்றையும் பலகையையும் கையில் எடுத்து, அடுத்தவர் சொல்லும் யோசனை சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்பவரை வாரியம் கவனிக்கும்.

ஆங்கிலம் சரளமாக வராது என்ற பயம் நம் மாணவர்களிடம் அதிகம். உச்சரிப்புக்கு மதிப்பெண் இல்லை. நினைத்ததைத் தெளிவாகச் சொல்லும் அளவுக்கு வேண்டும். அதற்குத் தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் பேசிப் பழகினால் ஓராண்டில் வந்துவிடும்.

தேர்வானவர்களுக்கு ராணுவ மருத்துவமனையில் பரிசோதனை. பிறகு தகுதிவரிசை. வாரியம் பரிந்துரைத்தும் வரிசையில் பின்னால் இருந்தால் இடம் கிடைக்காமல் போகலாம். அடுத்த அறிவிப்புக்கு மறுபடியும் விண்ணப்பிக்க எந்தத் தடையும் இல்லை.

அகாடமியில் பயிற்சி எப்படி? செலவு உண்டா?

49 வாரங்கள். செலவை அரசே ஏற்கிறது, பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. போகும் முன்பே உடம்பைத் தயார்செய்ய வேண்டும். சமீப அறிவிப்புகள் ஆண்களுக்கு 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை 10 நிமிடம் 30 வினாடியிலும், பெண்களுக்கு 13 நிமிடத்திலும் முடிக்கச் சொல்கின்றன. தண்டால் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 15. நீச்சலின் அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். நீச்சலை அலட்சியப்படுத்தாதீர்கள். ஓட்டத்தை ஆறு மாதத்தில் தேற்றிவிடலாம், இருபத்துமூன்று வயது வரை தண்ணீரில் இறங்காதவருக்குப் பயம் போகவே நாளாகும்.

முடித்ததும் லெப்டினன்ட். சேவைக்காலம் 10 ஆண்டு, மேலும் 4 ஆண்டு நீட்டிக்கலாம். நிரந்தர நியமனம் கேட்கவும் வழி உண்டு. பெண் அதிகாரிகளுக்கு அந்த உரிமையை உறுதிசெய்தது 2020 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

கடற்படை, விமானப்படைப் பிரிவு மாணவர்களுக்கு?

விமானப்படையில் பறக்கும் பிரிவுக்கு விமானப் பிரிவு சி சான்றிதழ் உள்ளவர்களுக்கென்று 10 சதவீத இடங்கள் உண்டு. கடற்படையின் குறுகியகாலச் சேவைக்கு, எஸ்.எஸ்.பி. அழைப்புக்கான கட்ஆஃபில் 5 சதவீதத் தளர்வு. டேராடூன் அகாடமிக்கான சி.டி.எஸ். அறிவிப்பிலும் சமீப ஆண்டுகளில் 100-க்கு 13 இடங்கள் தரைப்படைப் பிரிவு சி சான்றிதழ்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கை மாறக்கூடும், அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அதிகாரி ஆகவில்லையென்றால் சான்றிதழ் வீணா?

இல்லை. மத்திய ஆயுதப்படைகளின் காவலர் தேர்வில் சி சான்றிதழுக்கு 5 சதவீதம், பி-க்கு 3, ஏ-க்கு 2 என்று ஊக்க மதிப்பெண் உண்டு.

எங்கள் கல்லூரியின் பயிற்சிப்படை வரலாற்றைத் தொகுக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

கல்லூரி நூலகத்தில் உள்ள ஆண்டு மலர்களிலிருந்து. யு.டி.சி. பக்கம் என்று தனியாக இருக்கும். முகாம் நடந்த ஊர், பொறுப்பிலிருந்த பேராசிரியர், படம் எல்லாம் அதில் கிடைக்கும். அடுத்து பல்கலைக்கழக நாட்குறிப்பேடுகள், அதன்பின் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே கல்வித்துறை அரசாணைகளிலும், புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழிலும் தேடுங்கள்.

தேடும் சொல் காலத்துக்கேற்ப மாற வேண்டும். 1917 முதல் 1920 வரை இந்தியப் பாதுகாப்புப் படை, 1942 வரை யு.டி.சி., 1948 வரை யு.ஓ.டி.சி., அதன்பிறகே என்.சி.சி. மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆனது. அதற்கு முந்தைய என்.சி.சி. கோப்புகளில் பட்டாலியன்கள் மெட்ராஸ் என்ற பெயரில்தான் இருக்கும். தமிழ்நாடு பட்டாலியன் என்று மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பிவிட வேண்டாம்.

தேதிகளைக் குறிக்கும்போது கவனம். அரசாணை வெளியான நாள், பட்டாலியன் அமைக்கப்பட்ட நாள், உங்கள் கல்லூரியில் கம்பெனி (பட்டாலியனின் ஒரு பிரிவு) தொடங்கிய நாள் ஆகியவை மூன்று வெவ்வேறு நாட்கள். பொன்விழா மலர்கள் பலவற்றில் இவை ஒன்றோடொன்று கலந்துகிடக்கின்றன. மூன்றையும் தனித்தனியாக, எந்த ஆவணத்தில் பார்த்தீர்கள் என்பதோடு எழுதுங்கள். பழைய குழுப்படங்களை ஸ்கேன் செய்யும்போது அட்டையின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பெயர்களும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.